ஆறாவது ஸ்டெப் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,
கம்ப்யூட்டர் டெக்னீஷியன் வேலைக்கான காம்ப்டியா ஏ பிளஸ் சர்டிஃபிகேட்டோட முதல் பரீட்சை, கோர் 1 எழுதினேன். 648 வந்துச்சு, பாஸ் 675. போர்ட் நம்பர், லேசர் பிரிண்டரோட ஏழு கட்டம் எல்லாம் பரீட்சை நேரத்துல கலந்துடுது. ட்ரபிள்ஷூட்டிங்னு கோளாறைக் கண்டுபிடிச்சு சரி பண்ற ஆறு ஸ்டெப்ல கடைசியா 'டாக்குமெண்ட் பண்ணு'ன்னு வருதே, அது சும்மா ஒப்புக்குத்தானேன்னு தள்ளிட்டேன். ஃப்ரெண்டு ஒருத்தர் டம்ப் (வெளிய கசிஞ்ச கேள்வி பதில் தொகுப்பு) தர்றேங்கறார், வாங்கலாமா? 31 வயசுல இதெல்லாம் மண்டையில ஏறுமா?
– ஒரு வாசகர்

தம்பி,

31 எல்லாம் ஒரு வயசா, அதுக்கு பதில் கிடையாது. 648ஐ பர்சன்ட் கணக்கு போட்டு மனசை உடைச்சுக்காதீங்க, அது 100லேர்ந்து 900 வரைக்கும் போற ஸ்கேல். ரெண்டாவது தடவை எழுத காத்திருக்கவே வேணாம், மூணாவதுக்குத்தான் 14 நாள் இடைவெளி. டம்ப்பைத் தொடாதீங்க, மாட்டினா சர்டிஃபிகேட்டையே பிடுங்கிடுவாங்க, அதுல பாதி பதில் தப்பு வேற. 22, 53, 3389 மாதிரி போர்ட் நம்பரெல்லாம் தினம் கையால எழுதினா தானா வந்துரும். பிரிண்டருக்கு பேரை மனப்பாடம் பண்ணாம டோனர் தூள் பின்னாடியே போங்க, டிரம்முல ஒட்டுது, பேப்பருக்கு மாறுது, சூட்டுல உருகிப் பிடிக்குது (அதுதான் ஃப்யூசிங்), வெளிய வர்ற பேப்பர் ஏன் சூடா இருக்குன்னு ஒரு தடவை யோசிச்சா ஃப்யூசிங் மறக்கவே மறக்காது.

ஆனா அந்த 'ஒப்புக்குத்தானே' இருக்கு பாருங்க. அதுக்குத்தான் உக்காந்து எழுதறேன்.

நான் டெக்னீஷியனா இருந்தப்ப ஒரு ஆஃபீஸ்ல ஒரு மெஷின், திங்கக்கிழமை காலைல எந்த சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லைன்னு எச்சரிக்கை. பிரவுசரை அழிச்சு திரும்பப் போட்டேன், வைரஸ் ஸ்கேன் ஓட்டினேன், கேபிள் மாத்தினேன், ரூட்டர் மேல பழி போட்டேன், மத்தியானமே ஆயிடுச்சு. அந்த மெஷின்ல வேலை பாக்கற அம்மா அதுவரைக்கும் பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்தவங்க மெதுவா, "ஏம்மா, போன தடவ அந்த கடிகாரத்த என்னமோ திருப்பி வெச்சியே, இப்ப அது வேணாமா?"ன்னாங்க. பாத்தா தேதி பல வருஷம் பின்னாடி நிக்குது. தேதி பின்னாடி போனா, சைட் நிஜமானதுதான்னு காட்டற அதோட சர்டிஃபிகேட் இன்னும் பொறக்கவே இல்லைன்னு மெஷின் நினைச்சுக்கும், அதான் எல்லாத்தையும் சந்தேகப்படுது. மதர்போர்டுல காசு மாதிரி உக்காந்திருக்கற சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருக்கு, சனி ஞாயிறு மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டுப் போனா நேரம் போயிடும்.

எந்தப் பாவி பேட்டரியை மாத்தாம விட்டான்னு திட்டிக்கிட்டே பழைய டிக்கெட்டை, அதாவது போன ரிப்பேருக்கு எழுதி வெச்ச குறிப்பைத் தேடினேன். 'சரி செய்யப்பட்டது'. ரெண்டே வார்த்தை, கீழ என் பேரு.

அந்த அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது, எனக்கு இல்ல. அவங்க லீவுல இருந்திருந்தா நான் சாயங்காலம் விண்டோஸையே அழிச்சிருப்பேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு டிக்கெட்லயும் எழுத ஆரம்பிச்சேன், ரிப்பேருக்குக் கூப்பிட்டவங்க என்ன சொன்னாங்க (அவங்க வார்த்தையிலயே), நான் என்னென்ன பண்ணி பலிக்கல, எது பலிச்சது, ஏன் பலிச்சது. பலிக்காததை எழுதறதுதான் கஷ்டம், கூச்சமா இருக்கும், ஆனா அடுத்து வர்றவனுக்கு அரை நாள் மிச்சமாகறது அந்த வரியிலதான். நான் கதை எழுதக் கத்துக்கிட்டது எங்கன்னு நிறைய பேர் கேக்கறீங்க, அங்கதான். டிக்கெட்ல அலங்காரம் செல்லாது, 'மெஷின் மெதுவா இருக்கு'ன்னு எழுதினா எவ்ளோ மெதுவான்னு அடுத்தவன் போன் போட்டு கேப்பான். கதையில அப்படி போன் போட ஆள் இல்லாததாலதான் இத்தனை பேர் இஷ்டத்துக்கு எழுதறோம், சரி அது வேற சண்டை.

இப்ப உங்ககிட்ட வர்றேன். பரீட்சை முடிஞ்சதும் கையில ஒரு ஸ்கோர் ரிப்போர்ட் குடுத்திருப்பாங்களே, மார்க்குக்குக் கீழ எந்தெந்த ஆப்ஜெக்டிவ்ல (பாடப் பகுதியில) கேள்வியை விட்டீங்கன்னு வரிசையா இருக்கும். இவ்ளோ நீளக் கடிதத்துல அதுல ஒரு வரி கூட இல்ல, 648 மட்டும் இருக்கு. நீயும் 'சரி செய்யப்பட்டது' ஆளுதான்டா தம்பி. (நீங்கன்னு ஆரம்பிச்சேன், கோவத்துல மாறிடுச்சு, மன்னிச்சுக்கோங்க.)

அந்தப் பேப்பர் எங்க இருக்கு? பையில கசங்கிக் கிடக்கும், தேடி எடுங்க. அடுத்த கடிதத்துல மார்க் வேணாம், அந்த வரிசையை அப்படியே எழுதி அனுப்புங்க.