பதில்: குடகு ஓடைக் கல்லுல பாசியே கிடைக்கல, ஓடை கெட்டுப்போச்சா?

ஓடைக்கு ஒன்னும் ஆகல தம்பி. பெங்களூர்லேர்ந்து ஜூலைல போயிருக்கீங்க, குடகுல அது பேய்மழை மாசம், வெள்ளம் வந்தா கல்லு உருண்டு மணல் உரசி ஒட்டியிருந்த பாசி எல்லாம் சுரண்டிக்கிட்டு போயிடும், தண்ணி அடங்கி ஒரு 3, 4 வாரமாவது ஆனாதான் மறுபடி நல்லா படியும், அதனால ஜனவரி பிப்ரவரில போங்க.

இன்னொன்னு, நம்ம பெங்களூர் ஏரிய பாத்துப் பழகின கண்ணுக்கு பாசின்னா பச்சையாதான் இருக்கணும்னு தோணும். அங்க சாக்கடைத் தண்ணி நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொண்டாந்து கொட்டுது, வெயிலும் நேரா விழுது. காட்டு ஓடைல சத்தும் கம்மி, மேல மரம் மூடி வெளிச்சமும் கம்மி. மிஞ்சினதையும் மேஃப்ளைங்கற பூச்சியோட புழு, நத்தை, தலைப்பிரட்டை எல்லாம் மேஞ்சிடும், கல்லைக் கவ்விக்கிட்டு சுரண்டித் திங்கற காரா மீன் வேற. கல்லத் தொட்டா வழுக்குதா, லேசா பழுப்பா இருக்கா? அதுதான் டயாட்டம்ங்கற ஒரு செல் நுண்பாசி, கண்ணுக்கு ஒன்னுமில்லாத மாதிரிதான் தெரியும். வேகமா ஓடற எடத்துல கொழகொழன்னு கரும்பச்சைக் கொத்து கிடைச்சா விட்றாதீங்க, பேட்ராகோஸ்பெர்மமா இருக்கலாம், பச்சையா தெரிஞ்சாலும் அது சிவப்புப் பாசி வகை, பெரும்பாலும் சுத்தமான தண்ணிலதான் வரும்.

நிழல்ல 5 கல்லு, வெயில்ல 5 கல்லு, தனித்தனியா டூத்பிரஷ்ல தேச்சு எடுங்க, சுரண்டின பரப்பளவையும் குறிச்சுக்கோங்க. எடுத்த பாசி கெடாம இருக்க அங்கேயே லுகால்ஸ் அயோடின் கரைசல் சில சொட்டு விட்டு இருட்டுல வைங்க, பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வந்து சேந்தப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.