கன்ட்ரோலரை விற்றுவிட்டு டர்ன்டேபிள் வாங்கலாமா? (வாசகர் கடிதம்)

வணக்கம்,

இரண்டு சேனல் உள்ள சின்ன கன்ட்ரோலரும் (லேப்டாப்பில் ஓடும் பாட்டைக் கையால் இயக்கும் டிஜே கருவி) ஒரு லேப்டாப்பும் வைத்துக்கொண்டு கொஞ்ச காலமாக மிக்ஸ் செய்துவருகிறேன். இதுவரை நண்பர்கள் நடத்தும் சின்ன நிகழ்ச்சிகளில்தான் வாசித்திருக்கிறேன். இப்போது முதல்முறையாக ஒரு பெரிய மேடையில் ஒரு மணி நேரம் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட ஒரு மூத்த டிஜே, "சிங்க் பட்டனை அமுக்குகிறவன் எல்லாம் டிஜே இல்லை, டர்ன்டேபிளில் வாசித்துக் காட்டு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். (சிங்க் என்பது இரண்டு பாட்டின் வேகத்தையும் பீட்டையும் மென்பொருளே பொருத்திவிடும் வசதி.) அதிலிருந்து மனசே சரியில்லை. கன்ட்ரோலரை விற்றுவிட்டு, பழைய டர்ன்டேபிள் (ரெக்கார்டு சுழற்றும் கருவி) இரண்டும் ஒரு மிக்சரும் வாங்கிவிடலாமா? சின்ன ஜாக் வீலில் (கன்ட்ரோலரில் கையால் சுழற்றும் வட்டு) ஸ்க்ராட்ச் (பாட்டை முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் ஒலி) செய்ய முடியாது என்பது உண்மையா? மேடையில் லேப்டாப் நின்றுவிட்டால் என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

விற்காதீர்கள். இந்த மேடை முடியும்வரை அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். கை பழகாத கருவியோடு முதல் மேடை ஏறுவதைப்போல வேண்டாத வேலை வேறு இல்லை. டர்ன்டேபிளில் ஊசியைச் சரியான இடத்தில் இறக்கி, ரெக்கார்டைப் பிடித்து, பீட்டில் விடுவது மட்டுமே கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும்.

அந்த மூத்தவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது சிங்க் பட்டனைப் பற்றிய நியாயம். கன்ட்ரோலரின் தலையில் அதைக் கட்டுவது சரியில்லை. இன்று எல்லோரும் கும்பிடுகிற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் 1972-இல் வந்தபோது வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்களுக்காக விற்கப்பட்ட பொருள்தான். அதே எழுபதுகளில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க், ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்து, டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற துண்டை மாற்றி மாற்றிப் போட்டு நீட்டிக்கொண்டே போனார். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ரெக்கார்டின் மேலேயே கிரேயானால் குறி போட்டு, எந்தச் சுற்றில் பீட் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் பிடித்தார். கையில் கிடைத்த வீட்டுச் சாமானை வாத்தியமாக்கியவர்கள் அவர்கள். பாட்டின் வேகத்தை மாற்றும் நீளமான பிட்ச் ஃபேடரோடு அதே டர்ன்டேபிளின் எம்கே2 மாடல் வந்ததே 1979-இல்தான். இந்தக் கருவிதான் உண்மையானது, அது போலி என்கிற பேச்சுக்கு இந்த வரலாற்றில் இடமே இல்லை.

அப்புறம் டர்ன்டேபிளில் அப்படி என்னதான் இருக்கிறது என்றால், மோட்டார். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றுவதால், நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வர எம்கே2-வுக்கு சுமார் 0.7 விநாடி போதும். அதன்மேல் ஸ்லிப்மேட் என்கிற வழுக்குத் துணியைப் போட்டு ரெக்கார்டை வைத்தால், மேலே ரெக்கார்டைக் கையால் பிடித்து நிறுத்தியிருக்கும்போதே கீழே தட்டு சுற்றிக்கொண்டிருக்கும், விட்ட கணமே ஓடத் தொடங்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 பீட்) பாட்டாக இருந்தால் ஒரு சுற்றில் சரியாக மூன்று பீட். ரெக்கார்டின் நடுவில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் கடிகார முள் மாதிரி அது காட்டிக்கொடுக்கும், முதல் பீட் மேலே என்றால் அடுத்தது மூன்றில் ஒரு பங்கு தள்ளி. பாட்டு இரண்டும் லேசாக விலகினால் தட்டின் ஓரத்தை விரலால் உரசி வேகத்தைக் குறைப்பார்கள், அல்லது நடுவில் உள்ள ஸ்பிண்டிலை இரண்டு விரலால் திருகிக் கொஞ்சம் முன்னே தள்ளுவார்கள். பாட்டு கையில் ஓடுவது என்பது இதுதான், இதை ஒருமுறை உணர்ந்தவர்கள் ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது.

உங்கள் ஜாக் வீல் தானாகச் சுற்றாது. மேல்பரப்பைத் தொட்டால் பாட்டு நிற்கும், விட்டால் ஓடும், ஓரத்தைத் தள்ளினால் வேகம் லேசாகக் கூடும் அல்லது குறையும். சின்ன கன்ட்ரோலர்களில் அதன் விட்டம் 30 சென்டிமீட்டர் ரெக்கார்டில் பாதிகூட இருக்காது, ஆகவே அதே அளவு ஒலியை நகர்த்த உங்கள் கை பாதிக்கும் குறைவான தூரமே போகிறது, கை ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஒலியில் அந்தப் பிசகு இரண்டு மடங்குக்கு மேல் தெரியும். ஸ்க்ராட்ச் செய்யவே முடியாது என்பது தவறு. பேபி ஸ்க்ராட்ச், சர்ப், டிரான்ஸ்ஃபார்மர் என்கிற ஸ்க்ராட்ச் வகைகள் எல்லாம் நன்றாகவே வரும், கடைசி இரண்டிலும் பாதி வேலை கிராஸ்ஃபேடரில்தான் (ஒரு சேனலிலிருந்து இன்னொன்றுக்கு ஒலியை மாற்றும் தள்ளுகுமிழ்) இருக்கிறது. மென்பொருள் அமைப்புகளில் கிராஸ்ஃபேடர் வளைவு என்று ஒன்று இருக்கும், அதைக் கூர்மையாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபேடர் பாதி தூரம் போன பிறகுதான் ஒலி முழுதாகத் திறக்கும், என்ன செய்தாலும் ஸ்க்ராட்ச் மழுங்கித்தான் கேட்கும். நீளமாக இழுக்கிற ஸ்க்ராட்ச்களும், இரண்டு பிரதிகளை வைத்துப் பீட்டுகளை மாற்றி மாற்றி அடுக்குகிற பீட் ஜக்ளிங்கும் சின்ன வீலில் சிரமம்தான். உங்கள் நிகழ்ச்சியே அதுதான் என்றால் ஒருநாள் மோட்டார் உள்ள தட்டு தேவைப்படும். அதற்கும் டர்ன்டேபிள் ஒன்றே வழி என்றில்லை, 2020-இல் வந்த ரேன் ஒன் போல மோட்டார் வைத்த கன்ட்ரோலர்களே இருக்கின்றன, என்ன, அவை பையில் போட்டுத் தூக்கிப்போகிற சாமான் இல்லை. டைம்கோட் ரெக்கார்டு (பாட்டுக்குப் பதிலாக, ஊசியின் இடத்தையும் வேகத்தையும் மென்பொருளுக்குச் சொல்லும் குறியொலி பதிந்தது) வைத்து லேப்டாப்பில் உள்ள பாட்டையே டர்ன்டேபிளில் ஓட்டுகிற வழியும் 2000-களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனால் அதில் ஊசியின் தொல்லை, லேப்டாப்பின் தொல்லை இரண்டும் சேர்ந்தே வரும்.

சிங்க் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மென்பொருள் பாட்டை அலசி, பீட் எங்கெங்கே விழுகிறது என்று காட்டும் ஒரு பீட் கிரிட் போடுகிறது, சிங்க் அந்தக் கட்டங்களைத்தான் பொருத்துகிறது, பாட்டை அது கேட்பதில்லை. கணினியில் செய்த, வேகம் மாறாத பாட்டு என்றால் எல்லாம் சரியாக இருக்கும். டிரம்மர் ஒருவர் உட்கார்ந்து அடித்துப் பதிவான பழைய பாட்டு என்றால், சரணத்தில் கொஞ்சம் மெதுவாகி, பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் வேகமாகும். கிரிட் நேர்க்கோட்டில் போகும், பாட்டு போகாது. திரையில் எல்லாம் பொருந்தியிருக்கும், ஒலிபெருக்கியில் இரண்டு கிக் டிரம்மும் முன்னும் பின்னுமாக முட்டிக்கொள்ளும். இதைக் காது பிடிக்காவிட்டால் நீங்கள் திரையையே நம்பி நின்றுகொண்டிருப்பீர்கள், முன்னால் ஆடிக்கொண்டிருப்பவர்கள் தடுமாறுவார்கள்.

அதனால் இன்றிலிருந்தே சிங்க் இல்லாமல் பழகுங்கள். பிபிஎம் எண் இருக்கிற இடத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுங்கள். 120 பிபிஎம் பாட்டு இரண்டுக்கும் நடுவில் வெறும் 0.1 வித்தியாசம் இருந்தாலும், ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 50 மில்லிவிநாடி விலகிவிடும், அந்த விலகல் காதுக்கு நன்றாகவே தெரியும். எது முன்னே போகிறது என்று ஹெட்போனில் கண்டுபிடிப்பதுதான் முதலில் கஷ்டம், அது பிடிபட்டுவிட்டால் மீதி தானாக வரும். உங்கள் பிட்ச் ஃபேடர் குட்டையாக இருக்கும், ஆகவே அதன் எல்லையை ±6% என்று குறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மில்லிமீட்டரும் அவ்வளவுக்கு நுணுக்கமாகும். கீ லாக்கை (வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் வைக்கும் வசதி) அணைத்துவிட்டால் 6% நகர்த்தலுக்குச் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேடையில் சிங்க் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம், அது கைவிடுகிற இடத்தில் காது தாங்கவேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

ஒலித்தரத்தில் ரெக்கார்டுதான் உசத்தி என்கிற சண்டையை விட்டுவிடுங்கள், கூட்டம் ஆடுகிற மேடையில் அதற்கு வேலை இல்லை. சொல்லப்போனால் அதிர்கிற மேடையில் டர்ன்டேபிள் பெரும் தொல்லை. ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்கு மேல். ஊசி எந்த அதிர்வையும் ஒலியாக்கும் என்பதால், சப்ஊஃபரின் பேஸ் தரை வழியாகவும் மேசை வழியாகவும் ஏறி ஊசிக்குள் புகுந்து, மறுபடி ஒலிபெருக்கிக்குப் போய், அடங்காத உறுமலாகிவிடும். பலகை மேடையில் யாராவது குதித்தால் ஊசியே தாவும். அதைத் தடுக்கத்தான் கிளப்களில் டர்ன்டேபிளுக்கு அடியில் கான்கிரீட் பலகை, ஃபோம் என்று அடுக்குகிறார்கள். எர்த் ஒயரை மாட்ட மறந்தால் ஹம் வேறு. இரண்டு கிலோ சொச்சம் எடையுள்ள உங்கள் கன்ட்ரோலருக்கு இதில் எந்தக் கவலையும் கிடையாது.

உங்கள் கவலை லேப்டாப். வைஃபை, அறிவிப்புகள், தானாக வருகிற அப்டேட், ஸ்லீப், யூஎஸ்பி மின்சேமிப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சார்ஜரை மாட்டியே வாசியுங்கள். கன்ட்ரோலரை ஹப் வழியாக இணைக்காமல் நேராக லேப்டாப்பில் செருகி, கேபிளை மேசைக் காலில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், கால் பட்டு இழுபட்டால் எல்லாம் நின்றுவிடும். பஃபர் (ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் இடம்) அளவை வீட்டில் 128 சாம்பிளில் வைத்திருப்பீர்கள், அது 3 மில்லிவிநாடித் தாமதம். லேப்டாப் திணறினால் வெடுக் வெடுக்கென்று ஒலி முறியும், மேடைக்கு 512 வையுங்கள், சுமார் 12 மில்லிவிநாடி வரும், மிக்ஸ் செய்ய அது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கன்ட்ரோலரில் ஆர்சிஏ வெளியீடு மட்டும் இருந்தால் அதை நீளமான கேபிளில் இழுக்கவேண்டாம், அதில் இரைச்சல் புகும், மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு டிஐ பாக்ஸ் (நீளமான கேபிளுக்கு ஏற்றபடி ஒலியை மாற்றும் பெட்டி) வைத்து அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் அனுப்பச் சொல்லி ஒலிக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மாஸ்டர் விளக்கு சிவப்புக்குப் போகவே கூடாது. சத்தம் போதவில்லை என்றால் அவர் ஏற்றித் தருவார்.

அதே ஒலிக்காரரிடம் அவருடைய மிக்சரில் இன்னொரு சேனலும் கேளுங்கள். அதில் உங்கள் ஃபோனை மாட்டி, ஃபிளைட் மோடில் போட்டு, நீங்களே வீட்டில் பதிவுசெய்த அரை மணி நேர மிக்ஸ் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். லேப்டாப் நின்றுவிட்டால் முதலில் அதை ஓடவிடுங்கள், பிறகு லேப்டாப்பைத் தொடுங்கள். கன்ட்ரோலரின் யூஎஸ்பியைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது, மென்பொருளை மூடித் திறப்பது எல்லாம் ஃபோன் ஒலித்துக்கொண்டிருக்கும்போது நடக்கட்டும். லேப்டாப் திரும்பி வந்ததும் ஹெட்போனில் ஃபோன் பாட்டின் பீட்டைப் பிடிக்க முடியாது, அது உங்கள் கன்ட்ரோலர் வழியாக வருவதில்லை. மேடை ஒலிபெருக்கியைக் கேட்டே அடுத்த பாட்டை விடவேண்டியிருக்கும், அதையும் வீட்டில் ஃபோனை வைத்துக்கொண்டு பழகிவிட்டுப் போங்கள்.

அன்புடன்.