வானவில் பலகை: நீலத்துக்கு எங்கே போவது?

கேள்வி: வணக்கம் அக்கா. மகளின் பிறந்தநாளுக்கு 30 பேரை அழைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கு ஆள் எடுத்துக் கொறிக்கிற மாதிரி ஒரு பெரிய கிரேஸிங் போர்டு (பழம், காய், சீஸ் எல்லாம் பரப்பிய பலகை), அதுவும் வானவில் நிறத்தில் அடுக்க ஆசை. சிவப்பிலிருந்து பச்சை வரை மளமளவென்று பட்டியல் போட்டுவிட்டேன், நீலத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். ஏழு நிறமும் இருந்தே ஆகணுமா?

பதில்: வேண்டாம், ஆறு போதும். கருநீலத்தை விட்டுவிடுங்கள், யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஏழு என்ற கணக்கை வைத்தவரே நியூட்டன்தான். இசையில் ஏழு சுரம் இருக்கிறதே, நிறத்திலும் அப்படி இருக்கட்டும் என்று ஆரஞ்சையும் கருநீலத்தையும் பின்னால் சேர்த்துக்கொண்டார். அவர் சேர்த்ததை நாம் எடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது.

ஆனால் நீலம் தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். சாப்பிடுகிற பொருளில் நீலம் அபூர்வம். ப்ளூபெர்ரியையே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் தோலில் இருக்கும் நிறமி கருஞ்சிவப்பு, நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிவது மேலே படிந்திருக்கும் சாம்பல் பூத்த மெழுகு ஒளியைச் சிதறடிப்பதால். ஒரு பழத்தை எடுத்து விரலால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், நீலம் போய் கறுப்பாகிவிடும். அதனால் ப்ளூபெர்ரியைத் தேய்த்துக் கழுவாதீர்கள்; வடிகட்டியில் போட்டு லேசாகத் தண்ணீர் காட்டி, துணியில் பரப்பித் தானாக உலரவிட்டால் நிறம் அப்படியே நிற்கும்.

ப்ளூபெர்ரி கிடைக்கவில்லையா? ஊதா முட்டைகோஸை நறுக்கிக் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரில் சமையல் சோடாவை ஒரு சிட்டிகை, நிஜமாகவே ஒரே சிட்டிகை, போட்டுக் கலக்குங்கள். ஊதா மெல்ல நீலமாகும். இன்னொரு சிட்டிகை போனால் பச்சைக்கு ஓடிவிடும், வாயில் சோடா சுவையும் தட்டும். அந்த நீலத் தண்ணீரில் அவித்து உரித்த முட்டையையோ வெந்த காலிஃபிளவர் பூக்களையோ சில மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவிட்டால் நல்ல இளநீலம் ஏறும். இதே தண்ணீரைத் தயிரில் ஊற்றினால் புளிப்பு பட்டு நீலம் போய்விடும், இளஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறும். அது உங்கள் ஊதா வரிசைக்குத் தொட்டுக்கொள்ளும் டிப் ஆகிவிடுமே! தயிரிலேயே நீலம் வேண்டுமென்றால் காய்ந்த சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்துச் சேருங்கள், அது தயிர்ப் புளிப்பை ஓரளவு தாங்கும். எலுமிச்சை மட்டும் பிழியாதீர்கள், உடனே ஊதாவாகிவிடும்.

கேள்வி: நேர்க்கோடாக அடுக்குவதா, வில்லாக வளைத்து அடுக்குவதா? எது சுலபம்?

பதில்: அடுக்குவதற்கு நேர்க்கோடு சுலபம். வாங்குவதற்கு வில்தான் சுலபம், ஏன் என்று சொல்கிறேன். வானவில்லில் சிவப்பு வெளிப்பக்கம், ஊதா உள்பக்கம். வெளி வளைவு நீளம், உள் வளைவு குட்டை. நடுவில் 10 செ.மீ. அகலக் கிண்ணம் ஒன்றை வைத்து, அதைச் சுற்றி ஆளுக்கு 5 செ.மீ. அகலத்தில் ஆறு நிறத்தையும் வளைத்தால் மொத்த அகலம் 70 செ.மீ. வரும், அதில் சிவப்பு வளைவு ஊதாவைப் போல நான்கு மடங்குக்கும் மேல் நீளம். தக்காளி, தர்பூசணி, சிவப்புக் குடைமிளகாய், மாதுளை, ஸ்ட்ராபெர்ரி என்று சிவப்புக்குப் பஞ்சமே இல்லை. நீலமும் ஊதாவும்தான் தேடித் தேடி வாங்கவேண்டியவை, விலையும் கூட. எது நிறைய கிடைக்கிறதோ அதற்கு நிறைய இடம், எது கிடைக்கவில்லையோ அதற்குக் கொஞ்ச இடம். நேர்க்கோடாக அடுக்கினால் நீலத்துக்கும் சிவப்பின் அளவே வேண்டும், பர்ஸ் அழும்.

வில்லின் இரண்டு முனையிலும் வெள்ளைப் பொருள்களை மேகமாகக் குவியுங்கள். சீஸ் துண்டு, காலிஃபிளவர், பாப்கார்ன் (குழந்தைகள் வருகிறார்கள் என்றால் பாப்கார்ன் வேண்டாம், கீழே சொல்கிறேன்). நடுக் கிண்ணத்தில் டிப்.

கேள்வி: எவ்வளவு வாங்குவது?

பதில்: பின்னால் முழுச் சாப்பாடு இருந்தால் தலைக்கு 150 முதல் 200 கிராம், இதுதான் சாப்பாடே என்றால் 400 கிராம் வரை. 30 பேருக்கு 200 கிராம் வீதம் 6 கிலோ வருகிறது. அவ்வளவையும் ஒரே பலகையில் ஏற்றி மலையாக்க வேண்டாம். பாதியை வைத்துவிட்டு மீதியை நிறம் வாரியாக டப்பாக்களில் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், குறையக் குறைய நிரப்பலாம். எந்த நிறம் முதலில் தீரும் என்று முன்கூட்டியே சொல்லவே முடியாது, கேரட் மட்டும் கடைசி வரை இருக்கும்.

கேள்வி: போன தடவை ஒரு விசேஷத்துக்கு இதை முயன்றேன். அடுக்கி முடித்தபோது கண்ணைப் பறித்தது. ஒரு மணி நேரத்தில் பீட்ரூட் சாயம் சீஸ் வரை ஓடி, கிராக்கர் பிஸ்கட் எல்லாம் நமுத்து, பலகையில் சிவப்புக் குளம். என்ன தப்பு?

பதில்: எல்லோரும் நிறத்தைப் பற்றியே கேட்கிறார்கள், நீங்கள்தான் சரியான இடத்துக்கு வந்தீர்கள். நிறத்தைத் தேடி வாங்கிவிடலாம். அது வைத்த இடத்திலேயே நிற்கவேண்டுமே, அங்கேதான் பலகை கெடுகிறது, கெடுப்பது தண்ணீர்.

பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரைகிற சாயம். வெட்டுப்பட்ட பக்கத்திலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கும். அதைப் பலகையில் நேராக வைக்கவே வைக்காதீர்கள். மெல்லியதாகச் சீவி ஓவனில் மொறுமொறுப்பாக எடுத்துவிடலாம், அல்லது வேகவைத்து கொண்டைக்கடலை டிப்பில் அரைத்துக் கிண்ணத்தில் அடைத்துவிடலாம். தர்பூசணி அடுத்த ஆள். அதை வெட்டி வடிதட்டில் அரை மணி நேரம் வைத்தால் கீழே தேங்கும் தண்ணீரைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். அந்தத் தண்ணீர்தான் போன தடவை உங்கள் பலகையில் ஓடியது. வடித்த பிறகு டிஷ்யூவால் ஒற்றி வையுங்கள். வெள்ளரிக்காயில் நடுவிலுள்ள விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள், ஈரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரியைக் காம்போடு கழுவித் துடைத்து, கடைசியில் வெட்டி, வெட்டிய பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். மாதுளை முத்து கிண்ணத்தில்தான்.

அப்புறம் யார் பக்கத்தில் யார் என்பது. ஒழுகுகிற இரண்டு பொருளை ஒட்டி உட்காரவைக்காமல் இடையில் காய்ந்த ஒன்றை நிறுத்தவேண்டும். சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்குத் திரும்பும் இடத்தில் ஈரமில்லாத குடைமிளகாய்க் கீற்று, ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு உலர்ந்த ஆப்ரிகாட், பச்சையிலிருந்து நீலத்துக்கு விதை எடுக்காத முழுத் திராட்சை என்று வரப்பு கட்டினால் நிறம் எல்லை தாண்டாது. சொல்லப்போனால் குடைமிளகாய்க்குத்தான் இந்தப் பலகையில் முதல் மரியாதை தருவேன். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை நான்கிலும் கிடைக்கிறது, ஒழுகாது, கறுக்காது, முந்தின நாளே நறுக்கி வைக்கலாம்.

பிஸ்கட்டை விருந்தாளி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகு வையுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். பழத்தைத் தொடாமல் தனிக் கிண்ணத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மரப்பலகை என்றால் பட்டர் பேப்பர் விரியுங்கள், பீட்ரூட்டும் மஞ்சள்தூளும் மரத்தில் ஏறினால் லேசில் போகாது. பளிங்குப் பலகையாக இருந்தால் எலுமிச்சை, அன்னாசி இரண்டும் நேராகப் படக்கூடாது, புளிப்பு பட்ட இடம் மங்கிவிடும்.

கேள்வி: ஆப்பிள் கறுக்காமல் இருக்க?

பதில்: ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். எலுமிச்சைத் தண்ணீரும் வேலை செய்யும், சுவை கொஞ்சம் மாறும். வாழைப்பழத்தை விட்டுவிடுங்கள், அதோடு போராட நேரமில்லை.

கேள்வி: எனக்கு விசேஷ நாளில் காலை வேளை முழுக்க வேலை இருக்கும். முந்தின நாள் இரவே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா?

பதில்: நறுக்கலாம், அடுக்கக் கூடாது. கேரட், குடைமிளகாய், சீஸ், டிப் எல்லாம் இரவே தயார் செய்து மூடி போட்ட டப்பாக்களில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பழங்கள். எல்லாம் நறுக்கித் தயாராக இருந்தால் அடுக்குவது பெரிய வேலையே இல்லை: முதலில் கிண்ணங்கள், பிறகு பெரிய துண்டுகள், கடைசியில் இடுக்குகளில் சின்னப் பழங்கள்.

புது அன்னாசியைத் தயிர் டிப்பிலோ க்ரீம் சீஸிலோ கலந்து இரவு முழுக்க வைக்காதீர்கள். அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசக்கவைத்துவிடும். கிவியும் பப்பாளியும் இதே கட்சி. டின்னில் அடைத்த அன்னாசி சூடுபட்டது என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை.

நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது, இதில் சமரசம் வேண்டாம். வெட்டிய பழம், சீஸ், டிப், முட்டை எதுவும் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடமென்றால் 1 மணி நேரம்தான். 5 முதல் 60 டிகிரி வரை கிருமி வேகமாகப் பெருகும். வெட்டிய தர்பூசணியும் முலாம்பழமும் ‘பழம்தானே’ என்று நினைக்கவைக்கும், ஆனால் புளிப்பு குறைவு என்பதால் கிருமிக்கு ரொம்பப் பிடிக்கும். பாதி பாதியாக நிரப்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, மிச்சம் நிற்கும் பழத்தின் மேல் புதுப் பழத்தைக் கொட்டாதீர்கள், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள்.

கேள்வி: சின்னக் குழந்தைகளும் வருவார்கள். வேறு என்ன பார்க்கவேண்டும்?

பதில்: முழுத் திராட்சை, முழுச் செர்ரி தக்காளி இரண்டும் குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைக்கிற அளவும் வடிவமும் கொண்டவை. 5 வயதுக்குள் இருப்பவர்களுக்கு நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், குறுக்கே இரண்டாக வெட்டினால் போதாது. முழுக் கொட்டை வகைகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் அந்த வயதுக்கு வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, டிப்பில் கலந்ததும் சேர்த்துத்தான். இவர்களுக்கென்று ஒரு சின்ன வானவில்லைத் தனித்தட்டில், அவர்கள் உயரத்துக்கு வைத்துவிடுங்கள். மேலே முழுத் திராட்சை வரப்பு கட்டச் சொன்னேனே, அது பெரியவர்கள் பலகைக்கு மட்டும். பல்குச்சியும் பெரியவர்கள் பக்கமே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் நண்பர்களில் சைவம், அசைவம், நிலக்கடலை ஒவ்வாமை எல்லாம் கலந்திருக்கிறார்கள். பழம் காய் தானே, பயமில்லையே?

பதில்: பழம் காயில் பயமில்லை, அதோடு சேர்த்து வைப்பதில்தான். சில சீஸ்கள் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைக்கப்படுகின்றன, அட்டையில் சைவ ரென்னெட் என்று இருக்கிறதா பாருங்கள். நிறத்துக்காக எல்லோரும் அள்ளிப் போடும் ஜெல்லி மிட்டாயில் பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின் இருக்கும். சிவப்பு மிட்டாயில் இ120 என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த சாயம். நிலக்கடலையையும் மற்ற கொட்டைகளையும் பலகையில் ஏற்றாமல் இன்னொரு மேசையில், தனிக் கரண்டியோடு வையுங்கள், ஒவ்வாமை உள்ளவர் வருகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் அதுவும் வேண்டாம். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு கரண்டி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு இடுக்கி. கைகள் அத்தனையும் ஒரே குவியலில் புகுந்தால் பிறகு எதையும் பிரிக்கமுடியாது.

கேள்வி: அழகாக அடுக்கிவிட்டு ‘எடுத்துக்கோங்க’ என்றால் யாருமே கை வைப்பதில்லை, கலைத்துவிடுவோமோ என்று சுற்றி நின்று பார்க்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: போட்டோவை அவர்கள் வரும் முன்பே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து முடித்துவிடுங்கள். அப்புறம் மஞ்சள் வரிசையின் நடுவில் நீங்களே ஒரு பிடி எடுத்துப் பள்ளம் பண்ணி, அங்கே இடுக்கியைப் போட்டு வையுங்கள். பக்கத்தில் தட்டு வைக்க மறந்துவிடாதீர்கள், தட்டு கண்ணில் படாவிட்டால் கூச்சப்படுகிறவர்கள் அப்படியே நின்றுகொண்டிருப்பார்கள்.