நாய், பூனைத் தோல் நோய்க்கு நிபுணர் தேவையா? கேள்வி பதில்

கேள்வி: ஆறு மாதமாக எங்கள் நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் அரிப்பு திரும்புகிறது. வழக்கமான மருத்துவரிடம் தோல் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டால் கோபித்துக்கொள்வாரா?

பதில்: மாட்டார். நான் தோல் நிபுணராகும் முன் பொதுக் கால்நடை மருத்துவம் பார்த்த காலத்தில், இப்படி யாராவது கேட்டால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். "திரும்பத் திரும்ப வருகிறதே, நிபுணர் ஒருமுறை பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள், போதும். கடிதத்தைவிட அதோடு வரும் விவரம்தான் எனக்கு முக்கியம். எந்த மருந்து, என்ன அளவு, எத்தனை நாள், எந்த மருந்துக்கு அரிப்பு அடங்கியது, தோலைச் சுரண்டிப் பார்த்தார்களா, எந்த வயதில் தொடங்கியது. மூன்று வயதுக்குள் தொடங்கிய அரிப்பென்றால் ஒவ்வாமையைச் சந்தேகிப்பேன். பத்து வயதில் திடீரென்று வந்தால் வேறு காரணத்தைத் தேடுவேன்.

அப்புறம், வருவதற்கு முன் குளிப்பாட்டாதீர்கள். செதிலும் சீழும் கழுவிப்போனால் நுண்ணோக்கியில் எதைப் பார்ப்பது? தோலில் ஊசி போட்டு ஒவ்வாமைப் பரிசோதனை செய்வதானால், ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: பூனைக்கு வட்ட வட்டமாக முடி கொட்டுகிறது. குழந்தையின் கையிலும் வட்டமாகத் தடிப்பு.

பதில்: படர்தாமரையாக இருக்கலாம், மனிதர்களுக்கும் தொற்றும். நிபுணருக்காகக் காத்திருக்காமல் பூனையை உங்கள் மருத்துவரிடமும் குழந்தையை அதன் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் கோழி ஒவ்வாமை என்று வந்துவிட்டது. இனி நிபுணர் எதற்கு?

பதில்: அந்தத் தாளை நம்பாதீர்கள். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க, இதுவரை தின்னாத உணவை மட்டும் 8 வாரம் கொடுத்து, பிறகு பழைய உணவுக்குத் திரும்பி அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது.

கேள்வி (அவரே): பணம் கொடுத்து எடுத்த பரிசோதனை பொய்யா?

பதில்: அரிப்பே இல்லாத நாயின் ரத்தத்திலும் இப்படி வருவதுண்டு. அதை வைத்து என்ன முடிவெடுப்பது?

கேள்வி (இன்னொருவர்): எங்கள் நாய்க்குக் கோழியை நிறுத்தியதும் சரியாகிவிட்டதே!

பதில்: அதே சமயம் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து போட்டீர்களா?

கேள்வி (அவரே): ஆமாம்.

பதில்: சரி. எது குணமாக்கியது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து மிச்சம் இருக்கிறது. பூனைக்குப் போடலாமா?

பதில்: கூடாது. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை செத்துப்போகலாம்.

கேள்வி: நாளை நிபுணரைப் பார்க்கிறோம். குளிப்பாட்டிக் கூட்டிப்போகலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நாய் ரொம்ப நாறுகிறது ஐயா, லேசாக ஷாம்பு மட்டும்?

பதில்: வேண்டாம். அந்த நாற்றத்தையும் நான் முகர்ந்து பார்க்க வேண்டும்.