முழங்கால் வலி என்று 72 வயது அம்மா உட்கார்ந்தே இருக்கிறார். வேலூரில் இருக்கிறோம். நடக்கச் சொல்லலாமா?

சொல்லத்தான் வேண்டும். வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசை இளைக்கும், முழங்காலுக்குப் பாரம் கூடும், வலியும் கூடும். அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுள்ள 1,635 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் தசைப்பயிற்சியும் முறையாகச் செய்தவர்களில் 400 மீட்டர்கூட நடக்க முடியாமல் போனவர்கள் குறைவு.

வேலூர் வெயிலில் பகல்நேரம் வேண்டாம். விடிந்ததும் கோட்டை அகழி ஓரமாகப் பத்து நிமிடம் போதும், மெல்லக் கூட்டலாம். அப்புறம், நாற்காலியிலிருந்து முடிந்தவரை கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். கழிவறைக்குத் தனியாகப் போய்வர இந்தப் பலம்தான் வேண்டும். வெறுமனே சொல்லாமல் நீங்களும் கூடவே நடங்கள். மூட்டு வீங்கினாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.