படிக்கப் போனவள் ஊர் சுற்றலாமா?

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரத்தில் வனவியல் மேற்படிப்பு படிக்கிறாள். தேயிலைத் தோட்டத்துப் பத்திரத்தை பாங்கில் வைத்துத்தான் போன அக்டோபரில் அனுப்பினோம். சனிக்கிழமை ஆனால் ஏதாவது ஓர் ஊரிலிருந்து போட்டோ வந்துவிடுகிறது. ஒரு வாரம் பிரான்ஸ், ஒரு வாரம் சுவிட்சர்லாந்து. கடைசியாக வந்தது சுவிட்சர்லாந்தில் பிரியன்ஸ் என்ற ஊரில் மலையேறும் நீராவி ரயில். "அப்பா, இது நம்ம ரயிலேதான்! டிக்கெட் விலை ரொம்ப அதிகம், ஏறவில்லை, ஸ்டேஷனில் நின்று பார்த்தேன்" என்று எழுதியிருந்தாள். குன்னூரில் தினமும் பார்க்கிற ரயிலைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? அவளுடைய அண்ணனும் பெங்களூரில் படித்தபோது பைக்கில் சுற்றினான்தான், ஆனால் அவன் ஆண்பிள்ளை. படிக்கப் போனவள் படிப்பை மட்டும் பார்க்க வேண்டும் என்று கண்டித்து நாலு வரி எழுதுங்கள். அவளுக்கு அனுப்பி வைக்கிறேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோத்தகிரி

பதில்: எழுதுகிறேன், ஐயா. ஆனால் கண்டிப்பில் பாதி உங்களுக்கு.

அண்ணன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவன் பைக்கில் சுற்றியபோது நீங்கள் எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் போடவில்லை. பைக்கில் மலை வளைவுகளில் சுற்றுவதைவிட ரயிலில் போய் ரயிலில் திரும்புவது பாதுகாப்பானது. போன இடத்திலிருந்து அப்பாவுக்குப் படமும் அனுப்புகிறாள். மறைக்க நினைக்கிற பிள்ளை செய்கிற வேலையா அது? "ஆண்பிள்ளை" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தராசு பிடிக்காதீர்கள்.

அடுத்தது பணம். தோட்டத்துப் பத்திரம் பாங்கில் இருக்கும்போது வயிற்றில் நெருப்புதான். பச்சைத் தேயிலை விலை இறங்கும்போதெல்லாம் தவணை நினைவுக்கு வரும். அதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மகள் கிளம்பும் முன் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று ஒன்று திறந்திருப்பீர்கள். வருஷத்துக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள். ஊதாரித்தனம் செய்ய அவள் நினைத்தாலும் அந்தக் கணக்கு விடாது. ஊர் சுற்ற மிச்சம் இருக்கிறது என்றால் வேறெதையோ குறைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

ரயில் செலவும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஜெர்மனியில் 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்கச் செல்லும் ஒரு மாத டிக்கெட் இருக்கிறது. அப்போது 49 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. மாணவர்களுக்குப் பல இடங்களில் இன்னும் குறைவு. தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது. மற்றபடி எல்லா ஊர் ரயிலிலும் டவுன் பஸ்ஸிலும் டிராமிலும் ஏறலாம். காலேஜுக்குப் போய்வர எடுத்த அதே டிக்கெட்தான் சனிக்கிழமைக்கும்.

"ஒரு வாரம் பிரான்ஸ், ஒரு வாரம் சுவிட்சர்லாந்து" என்று நீங்கள் எழுதியதைப் படித்தால் ஏதோ விமானத்தில் பறப்பது போல இருக்கிறது. ஃப்ரைபுர்க் மூன்று நாடுகள் சந்திக்கிற மூலையில் இருக்கிற ஊர். அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். குன்னூரிலிருந்து கோவைக்கு இறங்குகிற தூரம்தான். நான் சொன்ன டிக்கெட்டிலேயே பாசலில் ஜெர்மன் ரயில்கள் நிற்கும் ஸ்டேஷன் வரை போய்விடலாம். பிரான்ஸ் எல்லை இன்னும் கிட்டே. கேல் என்ற ஜெர்மன் ஊரில் இறங்கினால் ரைன் ஆற்றைத் தாண்டி ஸ்ட்ராஸ்பர்குக்கு டிராம் போகிறது, நடந்து போகவும் பாலம் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து சாமான் வாங்க மேட்டுப்பாளையம் இறங்குவோமே, அந்த மாதிரி.

இன்னொன்றும் யோசியுங்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. டிசம்பரில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஒரு ஹாஸ்டல் அறையில், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல், சனி ஞாயிறு இரண்டு நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்குமா?

படிப்புக்கு வருகிறேன். அவள் படிப்பது வனவியல். நம் நாட்டு வனத்துறைக்கு 1864-ல் முதல் தலைமை அதிகாரியாக வந்த டீட்ரிஷ் பிராண்டிஸ் ஒரு ஜெர்மன்காரர். ஃப்ரைபுர்கைச் சுற்றி இருப்பது கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) என்ற மலைக்காடு. ஒரு காலத்தில் பீச் மரமும் ஃபர் மரமும் கலந்து நின்ற மலைகளில் மரவியாபாரத்துக்காக ஸ்ப்ரூஸ் மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். 1999 டிசம்பர் 26-ல் லோதார் என்ற புயல் அடித்தபோது அந்த மரங்கள் மலை மலையாகச் சாய்ந்தன. இப்போது மறுபடி கலப்புக் காடாக மாற்றப் பாடுபடுகிறார்கள். நம் மலையில் சோலையையும் புல்வெளியையும் எடுத்துவிட்டுக் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் சீகை (வாட்டில்) மரமும் நட்ட கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீகையைப் பிடுங்கிவிட்டுப் புல்லைக் கொண்டுவர இன்று நம் வனத்துறை படும் பாட்டைப் பார்க்கிறோம். நாளைக்கு அந்த வேலைக்கு வரப்போகிறவள் சனிக்கிழமை கருங்காட்டில் நடக்காமல் வேறெங்கே நடப்பாள்?

அப்புறம் அந்த ரயில். உங்கள் கடிதத்தில் எனக்குச் சுருக்கென்று பட்ட இடம் இதுதான். "தினமும் பார்க்கிற ரயில்" என்று எழுதிவிட்டீர்கள். பார்க்கிறோமா, ஐயா? கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல்வைத்த இரும்புப் பட்டைகள் ஆரம்பிக்கின்றன. இரண்டு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் பல் வருகிற இடத்தில் மற்றதில் பள்ளம் வரும். அதனால் எஞ்சினின் பல்சக்கரம் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும், வழுக்காது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் ரயில் வந்தது. பல்பட்டை கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். நம் பழைய எக்ஸ் ரக நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் என்ற ஊரில் செய்து கப்பலேறி வந்தவை.

இப்போது உங்கள் மகள் நின்ற ஸ்டேஷன். பிரியன்ஸிலிருந்து ரோட்ஹார்ன் மலைக்கு ஏறும் அந்த ரயில் 1892-ல் வந்தது. அதற்கும் அதே ஆப்ட் பல்பட்டை. அந்த எஞ்சின்களும் அதே வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்தவை. நம்முடையது பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும், அது நாலு அடிக்கு ஓர் அடி ஏறும். உச்சி ஸ்டேஷன் நம் ஊட்டி ஸ்டேஷனைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஆக "நம்ம ரயிலேதான்" என்று அவள் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. அந்த நாட்டிலிருந்து நம் மலைக்கு வந்த ஒரு பொருளின் உடன்பிறப்பை அவள் பார்த்துவிட்டாள். கையில் காசு பற்றாமல் ஏறாமலே நின்றாள் என்பதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நீங்கள் அந்த வரியை ஒரு குற்றம் போல எழுதியிருக்கிறீர்கள்.

சரி, மகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்தப் பகுதியைக் கத்தரித்து அவளுக்கு அனுப்புங்கள்.

அம்மா, நீ சனிக்கிழமை கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த ஊர்ப் பெண். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை என் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். குன்னூரிலிருந்து ஊட்டிக்குக் காரில் கொண்டுபோனோம். இருபது கிலோமீட்டர்கூட இல்லாத பாதைக்கு இரண்டேகால் மணி நேரம். கேத்தி வியூ பாயிண்ட் பக்கத்தில் வண்டிகளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் போய்க் கெஞ்சினேன். "ரெண்டு நிமிஷம் சார்" என்றார் ஒருவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே. அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பது அவர் நினைவில் இல்லை, அவ்வளவுதான். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில், நாளொன்றுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று உயர் நீதிமன்றம் அளவு வைத்தது. நிலைமை அவ்வளவு முற்றிவிட்டது.

நீ போகிற இடங்களிலும் இதே வேதனை உண்டு. பிரியன்ஸ் ஏரிக்கரையில் இசெல்ட்வால்ட் என்று ஒரு சின்னக் கிராமம். ஒரு கொரியத் தொடரில் அதன் படகுத்துறை வந்துவிட்டது. அதற்கப்புறம் கூட்டம் தாங்காமல், அந்த மரப்பாலத்தில் நின்று படம் எடுக்க 5 ஃப்ராங்க் என்று கதவு போட்டுவிட்டார்கள். ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் கிராமத்து மக்கள் 2023 ஆகஸ்டில் சுரங்கப்பாதையை மறித்துப் போராடினார்கள். நம் பைன் பாரஸ்டையும் ஷூட்டிங் மேட்டையும் நினைத்துப் பார், அவர்கள் கோபம் புரியும்.

அதனால் நிறைய ஊர் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளாதே. பிடித்த ஓர் ஊருக்கு மூன்று தடவை போ. முதல் தடவை எல்லோரும் பார்ப்பதைப் பார்ப்பாய். மூன்றாவது தடவை அந்த ஊர் ரொட்டிக்கடை அம்மா உன்னை அடையாளம் கண்டுகொள்வார், உன் ஜெர்மன் மொழியும் நாலு வார்த்தை தேறும். பரீட்சை மாதத்தில் டிக்கெட்டை மேஜை டிராயரில் போட்டுவிடு. அப்பா மார்க் கேட்டால் முகம் சுளிக்காதே, கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டும் இல்லாமல் எல்லை தாண்டாதே. அவற்றின் நகல் போதாது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது, ரயிலுக்குள்ளேயே வந்து கேட்பார்கள். உன் அட்டையை வைத்துக்கொண்டு மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொது விசா வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளில்) 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். இங்கிலாந்தும் அயர்லாந்தும் அந்தக் கணக்கில் வராது. கூட வருகிற ஐரோப்பியத் தோழிகளுக்கு இந்தக் கவலையே இல்லாததால் அவர்கள் உனக்கு நினைவுபடுத்த மாட்டார்கள்.

ஐயா, கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. மகள் அனுப்பிய படத்தை எடுத்து மறுபடி பாருங்கள். சமதளத்தில் நிற்கும்போது அந்த எஞ்சின் மூக்கைக் கீழே குத்திக் குனிந்து நிற்கிற மாதிரி இருக்கும். மலையில் ஏறும்போது கொதிகலனில் தண்ணீர் மட்டமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கொதிகலனையே சாய்த்து வைத்திருக்கிறார்கள். நம்முடைய ஏற்றம் அவ்வளவு செங்குத்து இல்லை. ஒரு நாள் கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்துக் குன்னூர் ஸ்டேஷனுக்குப் போங்கள். நீராவி எஞ்சின் வந்து நிற்கும்போது பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்து, இந்த முறை நீங்கள் அவளுக்கு அனுப்புங்கள். நம் எஞ்சின் ஏன் குனியவில்லை என்று அவளையே கேளுங்கள். இரண்டு படங்களையும் எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறோம், பெயர் போடாமலே.