உலாவியில் ஓடும் காணொளி டிவி செயலியில் ஓடாதது ஏன்?

கேள்வி: நான் நடத்தும் இசை வகுப்புகளின் காணொளிகள் விமியோ, யூடியூப், கூகுள் டிரைவ், அமேசான் எஸ்3 என நான்கு இடங்களில் இருக்கின்றன. எனக்கு நிரல் எழுதத் தெரியாது என்பதால், டிவி செயலி உருவாக்கித் தரும் ஒரு தளத்தில் இவற்றின் இணைப்புகளைக் கொடுத்தேன். கணினியில் எல்லாம் ஓடுகின்றன. டிவியில் பெரும்பாலானவை கறுப்புத் திரையாகவே நிற்கின்றன. எஸ்3-இல் உள்ளவை மட்டும் சில நாட்கள் ஓடி, பிறகு அவையும் நின்றுவிட்டன. என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் கொடுத்தவற்றில் பல, காணொளியைக் காட்டும் இணையப் பக்கத்தின் முகவரிகள், காணொளியின் முகவரிகள் அல்ல. உலாவி அந்தப் பக்கத்தைத் திறக்கிறது, பக்கத்தில் இருக்கும் பிளேயர் காணொளி உண்மையில் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து ஓட்டுகிறது, இந்த வேலையெல்லாம் உங்கள் கண்ணில் படாமல் நடந்துவிடுகிறது. டிவி செயலிக்கோ சொந்தப் பிளேயர் உண்டு. அதனிடம் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், வந்து சேர்வதை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. அது கேட்பது எம்பி4 கோப்பின் நேரடி முகவரியை, அல்லது காணொளியைச் சிறு துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் முறையின், எம்3யு8 என்று முடியும் முகவரியை.

விமியோவில் இருப்பவற்றுக்கு வழி எளிது. அங்கே காணொளிக் கோப்பின் நேரடி இணைப்பு கட்டணத் திட்டங்களில்தான் கிடைக்கும். உங்கள் திட்டத்தில் அந்த வசதி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். செயலி உருவாக்கும் தளத்திலேயே விமியோ கணக்கை இணைக்கும் வசதி இருந்தால், இணைப்புகளை ஒவ்வொன்றாக ஒட்டுவதை விட அணுகல் டோக்கன் (கணக்கை அணுகச் சாவி போல உதவும் குறியீடு) கொடுத்து இணைப்பதே நல்லது. குறிப்பிட்ட இணையதளங்களில் மட்டும் ஓட வேண்டும் என்று முன்பு கட்டுப்பாடு வைத்திருந்தால், அதையும் ஒரு முறை சரிபாருங்கள். டிவி செயலிக்கு இணையதள முகவரி கிடையாது என்பதால், அத்தகைய கட்டுப்பாடு அதையும் சேர்த்தே தடுத்துவிடக்கூடும்.

யூடியூபை இந்தத் திட்டத்திலிருந்து விட்டுவிடுங்கள். அதன் காணொளிகளை அதன் பிளேயர் வழியாகவே காட்ட வேண்டும் என்பது அந்தத் தளத்தின் விதி. அடியில் உள்ள முகவரியை உருவித் தரும் கருவிகளை நம்பிச் செயலியைக் கட்டினால், அது எந்த நாளிலும் நின்றுபோகலாம். உங்களிடம் மூலக் கோப்புகள் இருக்குமே, அவற்றை வேறு இடத்தில் ஏற்றுங்கள். கூகுள் டிரைவும் காணொளி வழங்குவதற்கான இடமல்ல: பெரிய கோப்பைக் கேட்டால், வைரஸ் சோதனை செய்ய முடியவில்லை என்ற எச்சரிக்கைப் பக்கம் முதலில் வரும், பலர் ஒரே நேரத்தில் பார்த்தால் பதிவிறக்க வரம்பும் குறுக்கே நிற்கும்.

எஸ்3 பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் அங்கே நடந்தது வேறு. சில நாட்கள் ஓடி நின்றதென்றால், நீங்கள் கொடுத்தது கையொப்ப இணைப்பாகத்தான், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கோப்பைத் திறக்க அனுமதி தரும் இணைப்பாகத்தான் இருக்க வேண்டும். எஸ்3-இல் அத்தகைய இணைப்பு அதிகபட்சம் 7 நாட்களே உயிரோடு இருக்கும். இதைச் செயலியின் பட்டியலில் நிரந்தர முகவரியாக எழுதிவைக்க முடியாது. எச்எல்எஸ் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. எம்3யு8 கோப்பை ஒரு முறை எளிய உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். அதில் படமோ ஒலியோ இருக்காது, '#' குறியோடு தொடங்கும் சில வரிகளும், அவற்றின் கீழே சில விநாடி நீளமுள்ள துண்டுகளின் பெயர்களும்தான் இருக்கும். நீங்கள் கையொப்பமிட்டது அந்தப் பட்டியலுக்கு மட்டுமே, துண்டுகளுக்கு அல்ல. எனவே பட்டியல் திறக்கும், முதல் துண்டைக் கேட்டதும் 403 என்ற மறுப்பு வரும், திரையில் சுழலும் வட்டம் மட்டும் நிற்கும். எஸ்3-க்கு முன்னால் ஒரு சிடிஎன் (கோப்புகளைப் பார்வையாளருக்கு அருகிலுள்ள சர்வர்களிலிருந்து வழங்கும் சேவை) வைத்து, கோப்புறை முழுவதற்கும் அனுமதி தரும்படி அமைப்பதே இதற்குச் சரியான தீர்வு. காணொளிகள் எல்லோருக்கும் பொதுவானவை என்றால் கையொப்பமே தேவையில்லை.

எம்பி4 போதுமா, எச்எல்எஸ் வேண்டுமா என்ற கேள்வி அடுத்து எழும். சில நிமிடக் காணொளிக்கு எம்பி4 போதும். ஆனால் நீண்ட வகுப்புகளுக்கு எச்எல்எஸ்தான் என் பரிந்துரை. ஆப்பிள் 2009-இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில், இணைய வேகம் குறைந்தால் பிளேயர் தானாகவே குறைந்த தரத்துக்கு மாறிக்கொள்ளும், படம் நிற்காது. படத்துக்கு எச்.264, ஒலிக்கு ஏஏசி என்ற சுருக்க முறைகளை வைத்துக்கொண்டால் ஏறக்குறைய எல்லா டிவிகளிலும் ஓடும். எம்பி4-ஐயே வைத்துக்கொள்வதாக இருந்தால், கோப்பின் குறியீட்டுத் தகவல் (எது எங்கே இருக்கிறது என்று பிளேயருக்குச் சொல்லும் பகுதி) அதன் தொடக்கத்திலேயே இருக்கும்படி ஏற்றுமதி செய்யுங்கள். அது கடைசியில் இருந்தால் படம் தொடங்கவே நெடுநேரம் ஆகலாம்.

சாம்சங், எல்ஜி டிவிகளின் செயலிகள் பெரும்பாலும் இணையத் தொழில்நுட்பத்தில் இயங்குபவை. ரோகு என்ற டிவி தளத்தில் ஓடும் அதே முகவரி அங்கே மறுக்கப்பட்டால், சர்வரில் கார்ஸ் அனுமதி (வேறொரு தளத்திலிருந்து வரும் செயலி கோப்பைப் படிக்கச் சர்வர் தரும் ஒப்புதல்) தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

காணொளிகள் பெருகப் பெருக, கையால் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, எம்ஆர்எஸ்எஸ் அல்லது ஜேசன் வடிவ ஃபீட் ஒன்றை, அதாவது காணொளிகளின் விவரங்களைச் செயலி தானே படித்துக்கொள்ளும் பட்டியல் கோப்பை, தளத்துடன் இணைப்பது நல்லது. அதில் ஒவ்வொரு காணொளிக்கும் தரும் அடையாள எண்ணை ஒருபோதும் மாற்றாதீர்கள். முகவரி மாறலாம், தலைப்பு மாறலாம். எண் மாறினால், பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாமல் உங்கள் மாணவர்கள் தவிப்பார்கள். ரோகுவின் டைரக்ட் பப்ளிஷர் வழியாக ஃபீட் இணைப்பதைச் சொல்லித்தரும் பழைய கையேடுகளைப் பின்பற்ற வேண்டாம். அந்தச் சேவை 2024 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஒவ்வொரு முகவரியையும் செயலியில் சேர்க்கும் முன், எந்தக் கணக்கிலும் உள்நுழையாத வேறொரு கணினியில், விஎல்சி பிளேயரின் 'நெட்வொர்க் ஸ்ட்ரீம்' பகுதியில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடாதது டிவியிலும் ஓடாது. அங்கே ஓடியதை எட்டு நாட்கள் கழித்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஓடினால் அதைப் பட்டியலில் சேர்க்கலாம்.